4 லட்சத்துல முடியும்னு ஆரம்பிச்ச கார் ஷெட், 5.35 லட்சத்துல முடிஞ்ச கதை

2024 அக்டோபர் நடுவுல சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தப்போ, வேளச்சேரி மேம்பாலத்துல கார்கள் ஒரு ஓரமா வரிசையா நின்னது ஞாபகம் இருக்கா? போலீஸ் ஃபைன் போடுறாங்கன்னு செய்தி வந்து, இல்லைன்னு அவங்க விளக்கம் சொல்லி, ரெண்டு நாள் அதுவே பேச்சு. அங்கே நின்ன கார்கள்ல பாதிக்கு மேல வீட்டுல நிறுத்த இடம் இருக்குற கார்தான். அதைப் பார்த்துட்டு எங்க அப்பா சொன்னார், "பாலத்துல நிறுத்துறதுக்கா இவ்ளோ செலவு பண்ணி ஷெட் கட்டணும்ங்கற?"

நியாயமான கேள்வி. அப்படியும் நாலு மாசம் கழிச்சு நாங்க ஷெட் கட்டினோம். ஏன் கட்டினோம், எவ்ளோ ஆச்சு, எங்கெல்லாம் நான் கோட்டை விட்டேன்னு இந்தப் பதிவுல ரூபாய் கணக்கோட சொல்றேன். சேனல்ல கார் லோன் வீடியோ போட்டப்புறம், "கார் வாங்கிட்டேன் ப்ரோ, வீட்டு முன்னாடி ஷெட் போடணும், பர்சனல் லோன் எடுக்கலாமா?"ன்னு கேட்டவங்க நிறைய பேர். அவங்களுக்குத்தான் இது.

முதல்ல எங்க நிலவரம். செம்பாக்கத்துல அரை கிரவுண்டு மனை, அதாவது 1200 சதுர அடி. 30க்கு 40. அப்பா 1998ல கட்டின வீடு. அப்போ வீட்டுல இருந்தது ஒரு டிவிஎஸ் 50, அதனால கார் நிறுத்துற யோசனையே யாருக்கும் இல்லை. 2023ல நான் கார் வாங்கினேன், இஎம்ஐ சுமார் 11,500. தெருவுல நிறுத்தினேன். எதிர் வீட்டு மாமாவோட வண்டியை வெளியே எடுக்க வாரத்துக்கு ஒரு முறை காலை ஆறு மணிக்கு என்னை எழுப்புவார். அதைக்கூட சமாளிக்கலாம். அந்த டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து, தெருவுல தண்ணி ஏறி, காரோட தரை கார்பெட் வரைக்கும் நனைஞ்சப்போதான் பேச்சு சீரியஸ் ஆச்சு.

வீட்டுல எப்படியும் மராமத்து வேலை பாக்கி இருந்தது. மேல ஓதம், பின்பக்க பாத்ரூம், பெயிண்டிங். அதோட சேர்த்து முன்னாடி ஷெட்டும் போட்டுடலாம்னு முடிவு. மேஸ்திரி வந்து டேப் பிடிச்சுப் பார்த்து, ஷெட்டுக்கு மட்டும் 4 லட்சம்னார். என்கிட்ட சரியா 4 லட்சம் தனியா சேர்த்து வெச்சிருந்தேன். அவசரகால நிதி வேற 2.4 லட்சம். எல்லாம் கைக்குள்ள இருக்குன்னு நினைச்சேன்.

அந்த 1.35 லட்சம் எங்கே போச்சு?

மேஸ்திரி ஏமாத்தலை. அதை முதல்லயே சொல்லிடுறேன். அவர் சொன்ன 4 லட்சத்துல அஸ்திவாரம், நாலு காலம், பீம், 180 சதுர அடி கான்கிரீட் ரூஃப், பூச்சு, பார்க்கிங் டைல்ஸ் எல்லாம் இருந்தது. இல்லாதது எதுன்னு நான்தான் கேக்கலை.

கேட் இல்லை. பழைய கேட் எட்டடி, காருக்குப் பத்தடி வேணும். புது இரும்பு கேட் 52,000. பழைய மண்ணை எடுத்து நிரவி, கிராவல் கொட்டி, தண்ணி விட்டு இடிச்சு கெட்டிப்படுத்த 22,000. ஈபி மீட்டர் போர்டு சரியா புது காலம் வர்ற இடத்துல இருந்தது, அதை நகர்த்த 9,000. பெயிண்ட் 14,000. எல்லாத்துக்கும் மேல 38,000 ரூபாய்க்கு ஒரு செலவு வந்துச்சு. அதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா உங்க வீட்டுலயும் இது இருக்க வாய்ப்பு அதிகம்.

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர்னு நம்ம பக்கத்துப் பழைய தனி வீடுகள்ல சம்பும் செப்டிக் டேங்கும் பெரும்பாலும் வீட்டு முன்னாடி, கேட்டை ஒட்டித்தான் இருக்கும். காரணம் எளிது. தண்ணி லாரி ஹோஸும் செப்டிக் டேங்க் லாரி ஹோஸும் எட்டணும். அந்தத் தொட்டி மேல போட்ட மூடி ஸ்லாப், மனுஷன் நடக்கறதுக்கும் துணி காயப்போடறதுக்கும் போட்டது. மூணு, நாலு இன்ச் கனம், ஒற்றை வரிசை கம்பி. அது மேல ஒரு டன் எடையுள்ள காரை தினமும் ஏத்தி இறக்கினா என்ன ஆகும்? உடனே ஒண்ணும் ஆகாது. அதுதான் ஆபத்தே. ரெண்டு வருஷம் நல்லா இருக்கும், உள்ளே இருக்குற வாயுவுல கம்பி துரு ஏறிக்கிட்டே இருக்கும், ஒரு நாள் சக்கரம் உள்ளே இறங்கும். சக்கரம் இறங்கினா வண்டியோட போச்சு. அந்த இடத்துல குழந்தை விளையாடிட்டு இருந்தா?

எங்க வீட்டு செப்டிக் டேங்க் மூடியை உடைச்சுப் பார்த்தப்போ அடியில கம்பி வெளியே தெரிஞ்சது. இஞ்சினியர் ஒருத்தரைக் கூப்பிட்டு, கார் எடைக்கு டிசைன் பண்ணி, ரெண்டு வரிசை கம்பியோட புது ஸ்லாப், ஹெவி டூட்டி மேன்ஹோல் மூடி. சம்பு வாயை மட்டும் காருக்கு வெளியே, சுவர் ஓரமா நகர்த்தி, தரையிலேர்ந்து ஒன்றரை அடி உசத்திட்டோம். வெள்ளம் வந்தா தெருத்தண்ணி குடிக்கிற தண்ணியில கலக்கக் கூடாதுல்ல. மேன்ஹோல் மேல டைல்ஸ் ஒட்டி "நீட்டா" முடிக்கறேன்னு டைல்ஸ்காரர் சொன்னார். வேண்டாம்னு சொல்லுங்க. பாதாள சாக்கடை வராத தெருவுல செப்டிக் லாரி வர்ற அன்னிக்கு அந்த டைல்ஸை நீங்களே உடைப்பீங்க.

52, 22, 9, 14, 38. கூட்டினா 1.35 லட்சம். அது முழுக்க அவசரகால நிதியிலேர்ந்து போச்சு. 2.4 லட்சம், 1.05 லட்சம் ஆச்சு. கார் இஎம்ஐ சேர்த்து எங்க வீட்டு மாசச் செலவு சுமார் 55,000. அதாவது ரெண்டு மாசம்கூடத் தாங்காது. ரூஃப் கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் பிரிக்காம முட்டு நின்னுட்டு இருந்த வாரத்துல எங்க ஆபீஸ்ல ஆள் குறைப்பு மெயில் வந்துச்சு. என் டீம்ல ரெண்டு பேர் போனாங்க. அடுத்த மூணு வாரம் நான் ராத்திரி எழுந்து எக்ஸெல் ஷீட்டைத் திறந்து பார்த்து மூடிட்டு இருந்தேன். என் வேலை தப்பிச்சது. ஆனா அது என் திட்டமிடலால தப்பிச்சது இல்லை.

இப்போ யாராவது கேட்டா நான் சொல்றது: மேஸ்திரி சொல்ற தொகையோட மூணுல ஒரு பங்கை மேல வெச்சு, அந்த மொத்தத்தையும் சேர்த்த பிறகு கடப்பாறையைத் தொடுங்க. அவசரகால நிதியை இந்தக் கணக்குலயே கொண்டுவராதீங்க.

லோன் எடுத்தா?

4 லட்சம் வேணும்னு வெச்சுக்கலாம். பர்சனல் லோன் 13 சதவீதம், 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 9,100. மொத்த வட்டி 1.46 லட்சம். வீட்டுக்கடன் ஏற்கெனவே ஓடிட்டு இருந்து டாப்-அப் கிடைச்சா, 9 சதவீதத்துக்கு அதே 5 வருஷம், இஎம்ஐ 8,300, வட்டி 98,000 சொச்சம். வித்தியாசம் தெரியுது. ஆனா டாப்-அப்ல ஒரு பொறி இருக்கு. "15 வருஷம் போட்டுக்கோங்க சார், 4,050 தான் வரும்"னு சொல்வாங்க. கேக்க இனிமையா இருக்கும். மொத்த வட்டி 3.3 லட்சம் ஆகும். ஷெட் விலை அளவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு ஷெட்.

மாசம் 16,000 ரெக்கரிங் டெபாசிட்ல போட்டா ரெண்டு வருஷத்துல 4 லட்சத்தைத் தாண்டிடும். அந்த ரெண்டு வருஷம் கார் தெருவுல நிக்கும். நிக்கட்டும், ஒரு நல்ல கவர் வாங்கிப் போடுங்க.

வரிச் சலுகை கிடைக்கும்னு நினைச்சு லோன் எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லைன்னு 2025-26லேர்ந்து புது வரி முறையில வந்துடுச்சு, நம்ம வாசகர்கள்ல பெரும்பாலானவங்க அதுலதான் இருப்பீங்க. அதுல சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையில இருந்தாலும், வீடு வாங்க, கட்ட எடுத்த கடனுக்குத்தான் 2 லட்சம் வரம்பு. பழுதுபார்ப்பு, புதுப்பிப்புக்கு எடுத்த கடன்னா வருஷத்துக்கு 30,000 தான், அதுவும் அந்த 2 லட்சத்துக்குள்ள அடங்கும். அசல் தொகைக்கு 80சி? குடிவந்த பிறகு செய்யற கூடுதல் கட்டுமானத்துக்கு அது கிடையாது. இன்னொண்ணு, வீடு அப்பா பேர்ல, லோன் உங்க பேர்லன்னா, நீங்க ஓனரே இல்லைங்கறதால வட்டிக் கழிவும் இல்லை.

வீடு யாரோடது?

இதை யாரும் பேச மாட்டாங்க, நான் பேசிடறேன். அந்த வீடு அப்பாவோட சுய சம்பாத்தியம். உயில் இல்லைன்னா நாளைக்கு அம்மா, அக்கா, நான் மூணு பேருக்கும் சம பங்கு. அந்த வீட்டுல நான் 5.35 லட்சம் போடறேன். போட்ட காசு தனியா என் பேர்ல நிக்காது, வீட்டோட கலந்துடும். தப்புன்னு சொல்லலை. தெரிஞ்சு போடணும்னு சொல்றேன்.

நான் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அக்காவுக்கு போன் பண்ணேன். "உன் காரை நிறுத்த நீ போடற, எனக்கென்னடா? ஆனா நாளைக்கு இதைச் சொல்லி சண்டை போடாத"ன்னா. மாமாவும் லைன்ல இருந்தார், சிரிச்சார். அஞ்சு நிமிஷப் பேச்சு. பின்னாடி அஞ்சு வருஷம் முறைச்சுக்கிட்டு இருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அதே மாதிரி பில். மேஸ்திரியும் கடைக்காரரும் "பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்"னு சொல்வாங்க. சொத்தை விக்கும்போது, வீட்டை மேம்படுத்த ஆன செலவை வாங்கின விலையோட சேர்த்து லாபத்துலேர்ந்து கழிக்கலாம். இப்போ நீண்டகால மூலதன லாப வரி 12.5 சதவீதம். 5 லட்சத்துக்குச் சரியான பில்லும் வங்கிப் பரிவர்த்தனையும் இருந்தா 62,500 ரூபாய் வரி மிச்சம், செஸ் தனி. நான் பணத்தை அப்பா கணக்குக்கு அனுப்பி, அங்கேர்ந்து செக்கா கொடுத்தோம். பில்லும் அவர் பேர்லயே. மகன் அப்பாவுக்குக் கொடுக்கற பணத்துக்கு அன்பளிப்பு வரி இல்லை.

நாங்க ஏப்ரல் 2025ல முடிச்சோம். செப்டம்பர் 22ஆம் தேதி சிமென்ட் ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 சதவீதமா குறைஞ்சது. என் ராசி அப்படி. ஆனா எங்க ரூஃப் அஞ்சு இன்ச் கனம், 75 கன அடி கான்கிரீட், சிமென்ட் ஒரு 17 மூட்டை. அந்த 17 மூட்டையில எவ்ளோ மிச்சமாகியிருக்கும்னு கணக்குப் போட்டு மனசைத் தேத்திக்கிட்டேன். கொத்தனார் கூலியும் கம்பியும்தான் பெரிய செலவு.

உயரம்தான் எல்லாமே

2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 செ.மீ. பதிவாச்சு. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதல் மாடி வரைக்கும் படகு போச்சு. அதனால ஷெட் தரையை ரெண்டடி உசத்திடணும்னு எல்லாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்துச்சு.

ஆனா கணக்கு இடிக்கும். கார் அடி தட்டாம ஏற, ஒரு அடி உயரத்துக்கு எட்டடி நீளமாவது சாய்வு வேணும். ரெண்டடி உசத்தினா 16 அடி ரேம்ப். 1200 சதுர அடி மனையில அதுக்கு எங்கே போறது? அதனாலதான் எல்லாரும் ரேம்பை ரோட்டுக்கு இழுத்து, மழைநீர் வடிகால் மேல கான்கிரீட் கொட்டறாங்க. அடுத்த முறை வடிகால் வேலை வரும்போது மாநகராட்சி பொக்லைன் அதைத்தான் முதல்ல உடைக்கும். சட்டப்படி அது சரியும்கூட. அந்த ரேம்ப்தான் தண்ணியைத் தெருவுல தேக்குது.

நாங்க ரோட்டுலேர்ந்து ஒன்பது இன்ச் உசத்தினோம், மனைக்குள்ளேயே ஆறடி சாய்வு, கேட் ஓரத்துல ஜல்லடை போட்ட சின்ன வாய்க்கால். ஒரு மணி நேர மழைக்கு இது போதும். மிக்ஜாம் மாதிரி வந்தா போதாது, அன்னிக்கு நானும் பாலத்தைத் தேடித்தான் போவேன். அப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இந்த ஷெட் வெயிலுக்கும், தெருச் சண்டைக்கும், மாமரத்துக் காக்காய்க்கும். வெள்ளத்துக்கு வேற ஏற்பாடு.

அந்த ஏற்பாடு இன்ஷூரன்ஸ். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருந்தாலும், தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி எஞ்சினுக்குள்ள தண்ணி போச்சுன்னா, எஞ்சின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாம க்ளெய்ம் கிடைக்கறது கஷ்டம். 2023ல நான் சாவியைத் தொடலை, டோ பண்ணி எடுத்துட்டுப் போனாங்க. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே நல்ல விஷயம் அதுதான். வீட்டுக்கு 2021 ஏப்ரல்லேர்ந்து எல்லா பொது இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் கொடுக்கற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியைப் பாருங்க. அதுல கட்டடம்ங்கற வரையறைக்குள்ளயே கேரேஜ், காம்பவுண்டு சுவர், கேட் எல்லாம் வரும், வெள்ளமும் புயலும் கவர் ஆகும். ஷெட் கட்டின பிறகு சதுர அடியைத் திருத்தி எழுத மறக்காதீங்க.

மிச்ச முடிவுகள், சுருக்கமா

ஷட்டர் போட்டு மூடின கேரேஜ் வேண்டாம்ங்கறது என் கருத்து. நம்ம ஊர்ல அது ஆறு மாசத்துல ஸ்டோர் ரூம் ஆகும், ஒரு வருஷத்துல எலி வளை ஆகும். கார் மறுபடி தெருவுக்கு வரும். மேல கூரை, மூணு பக்கம் காத்து, முன்னாடி கேட். போதும்.

கூரைக்கு ஷீட் போட்டா செலவு நல்லா குறையும். மாடி ஏத்தற எண்ணம் இல்லைன்னா அதையே போடுங்க, ஆனா 2016 வர்தா புயல்ல எத்தனை வீட்டு ஷீட் பறந்துச்சுன்னு பக்கத்துல கேட்டுட்டு, ட்ரஸை காலத்தோட போல்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்க. நாங்க கான்கிரீட் போட்டது, மேல ஒரு ரூம் எடுக்கலாம்னு அம்மாவுக்கு ஆசை இருக்கறதால. கான்கிரீட்னா க்யூரிங்ல விட்டுக்கொடுக்காதீங்க. இப்போ கடையில கிடைக்கற பிபிசி சிமென்ட்டுக்குப் பத்து நாளாவது தண்ணி கட்டணும். அதனால பிப்ரவரியில ஆரம்பிங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி எல்லாம் காய்ஞ்சிருக்கணும்.

அளவு: காருக்கு விதிப்படி இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். நாலு மீட்டருக்குள்ள இருக்குற காம்பேக்ட் எஸ்யூவியே 1.8 மீட்டர் அகலம் வருது. எட்டடியில நிறுத்தலாம், அம்மாவால இறங்க முடியாது. பத்தடி வைங்க. உள்பக்கம் திறக்கற ரெட்டைக் கதவு கேட்னா ஒவ்வொரு கதவும் அஞ்சடி உள்ளே வரும், 13 அடி காரோட சேர்த்து 18 அடி ஆழம் வேணும். இல்லைன்னா ஸ்லைடிங் கேட், ஆனா அது ஒதுங்கவும் பத்தடி சுவர் வேணும். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி தரையில சுண்ணாம்புக் கோடு போட்டு, காரை உள்ளே விட்டு, நாலு கதவையும் திறந்து பாருங்க.

அனுமதி விஷயத்துல "சின்ன வேலைதானே"ன்னு விடாதீங்க. முன்பக்கம் விட வேண்டிய செட்பேக் உங்க ரோடு அகலத்தைப் பொறுத்தது, அதுக்குள்ள காலம் எழுப்பினா விதிமீறல். 2024 ஜூலையில தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில, 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரையும் ஒரு மாடியும்னா ஆன்லைன்லயே உடனடி அனுமதி கிடைக்குது. லைசென்ஸ் உள்ள இஞ்சினியரை வெச்சு ஷெட்டையும் பிளான்ல காட்டிடுங்க. கட்டின பரப்பு கூடினா சொத்து வரியும் கொஞ்சம் கூடும், அரையாண்டுக் கணக்குல அதையும் எழுதிக்கோங்க.

சுவர்ல பூச்சுக்கு முன்னாடியே ஒரு காலி பைப்பும், 16 ஆம்ப் பாயின்ட்டுக்குப் பெட்டியும் விட்டுடுங்க. அடுத்த கார் எலெக்ட்ரிக்கா இருக்கலாம். சார்ஜ் போட ஆரம்பிச்சா ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்ட வாய்ப்பு இருக்கு, தாண்டினா கீழ் ஸ்லாப் சலுகையும் கைவிட்டுப் போகும். அந்தக் கணக்கைத் தனி வீடியோவா போடறேன்.

அவசரகால நிதியை மறுபடி 2.4 லட்சத்துக்குக் கொண்டுவர எனக்கு எட்டு மாசம் ஆச்சு. எதிர் வீட்டு மாமா இப்போ ஆறு மணிக்கு எழுப்பறதில்லை. அவருக்குப் பையன் புது கார் வாங்கித் தந்திருக்கான், போன ஞாயித்துக்கிழமை டேப் எடுத்துட்டு வந்து எங்க ஷெட்டை அளந்துட்டுப் போனார். செப்டிக் டேங்க் எங்கே இருக்குன்னு கேட்டேன். கேட்டுக்குக் கீழதான்னார்.